மானுரின் எம்.ஆர்.73 கைத்துப்பாக்கி ஏன் இவ்வளவு மதிக்கப்படுகிறது?

மானுரின் எம்.ஆர்.73 என்பது, பிரான்சின் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த மானுரின் நிறுவனம் 1973-இல் அறிமுகப்படுத்திய, ஆறு தோட்டாக்கள் கொள்ளும் ரிவால்வர். வலிமை மிக்க .357 மாக்னம் தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டால் பொதுவாக ரிவால்வர்களின் உறுப்புகள் விரைவில் தேய்ந்து தளரும். இடைவிடாமல் பயிற்சி செய்யும், பிரான்சின் ஜி.ஐ.ஜி.என். என்னும் அதிரடிப் படை இதைத் தேர்ந்தெடுத்ததற்கு இதன் தளராத உறுதியே முதன்மைக் காரணம். எஃகைச் சூடாக்காமலே சம்மட்டி இயந்திரத்தால் அடித்துக் குழலை உருவாக்குகிறார்கள். உள்ளுறுப்புகளைக் கைவினைஞர்கள் ஒவ்வொன்றாக இழைத்துப் பொருத்துகிறார்கள். என் பார்வையில் இதன் உண்மையான அழகு விசைப்பொறியில்தான் இருக்கிறது: உள்ளே உள்ள சிறு உருளைகள் உராய்வைக் குறைப்பதால், கனமான பீரோவைத் தரையில் இழுக்காமல் சக்கரம் வைத்துத் தள்ளுவதைப் போல, விசை தடங்கலின்றி விரலுக்கு இணங்குகிறது. பிரெஞ்சுக் காவலர் அனைவரும் இதையே ஏந்தினர் என்று பலர் நினைப்பது தவறு. விலை மிகுதியாக இருந்ததால், சாதாரணக் காவலர் பலருக்கு அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான ரூகரின் வடிவமைப்பைத் தழுவிய, விலை குறைந்த எஃப்1 ரிவால்வரே வழங்கப்பட்டது.