அண்டை நாடுகள் சேர்ந்து ஒரு பொது அமைப்பை உருவாக்கி நடத்துவது உண்மையில் சாத்தியமா?

சாத்தியம்தான், ஆனால் எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதில்தான் பிழை விடுகிறோம். நான் கிளிநொச்சிப் பக்கம், இரணைமடுக் குளத்துத் தண்ணியில் வயல் செய்கிற ஆள், எங்கள் கமக்காரர் அமைப்பில் கொஞ்சக் காலம் செயலாளராகவும் இருந்தேன். அந்தப் புத்தியோடுதான் சொல்கிறேன்.

ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். குளத்தில் எத்தனை அடி தண்ணி நிற்கிறது, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர், துருசு (குளத்து மதகு) எப்போது திறப்பது, மாடுகளை எந்தத் திகதிக்குள் கட்டுவது எல்லாம் அங்கேதான் முடிவாகும். சத்தம் வரும், கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனவர்களும் உண்டு. ஒருமுறை இரவில் வாய்க்காலை மறித்துத் தண்ணி திருப்பின விஷயத்தில் எங்களுக்கும் பக்கத்து வாய்க்கால்காரருக்கும் முகம் பார்க்காத கோபம் (நாங்களும் ஒன்றும் சுத்தம் இல்லை). ஆனாலும் அடுத்த கூட்டத்துக்கு இரண்டு பகுதியும் வந்தோம், ஏனென்றால் அங்கே எடுக்கிற தீர்மானம் வராதவன் வயலுக்கும் சேர்த்துத்தான்.

தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கில் இதுதான் இல்லை. முடிவெல்லாம் ஏகமனதாக வேண்டும், இருதரப்புப் பிணக்குகளும் சர்ச்சையான விஷயங்களும் பேசக்கூடாது என்று 1985இல் டாக்காவில் ஏற்ற சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள். மாட்டையும் தண்ணியையும் பேசாத பயிர்ச்செய்கைக் கூட்டம் மாதிரி! ஒருவர் வராவிட்டால் கதை முடிந்தது, 2014 காத்மாண்டுவுக்குப் பிறகு உச்சிமாநாடே கூடவில்லை.

பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் இன்னும் நான்கு நாடுகளும் 1951இல் செய்தது வேறு. போர் முடிந்து ஆறே வருடம், பாசம் பொங்கியெல்லாம் இல்லை. ஆயுதம் செய்யத் தேவையான நிலக்கரி, உருக்கு இரண்டை மட்டும் எடுத்து, எல்லா அரசுகளையும் கட்டுப்படுத்தக்கூடிய ஓர் உயர் அதிகாரசபையின் கையில் கொடுத்தார்கள்.

சரி, எங்கள் பக்கத்தில் எதில் தொடங்கலாம்? நான் பாக்கு நீரிணை மீனைத்தான் எடுப்பேன். இங்கே இலங்கையில் இழுவைமடிக்கு (கடலடியில் இழுக்கிற வலை) 2017இலேயே சட்டத்தில் தடை, தமிழ்நாட்டுக் கரையில் வருடத்துக்கு 61 நாள் மட்டும் நிறுத்தம். ராமேஸ்வரத்து மீனவரும் மன்னார், முல்லைத்தீவு மீனவரும் வருடா வருடம் ஒரே மேசையில் இருந்து, மாடு கட்டுகிற திகதி போல இழுவைப்படகு கட்டுகிற திகதியையும், மீறினால் என்ன தண்டம் என்பதையும் தீர்மானிக்கட்டும். முதல் கூட்டத்தில் கதிரை பறக்கும், பறக்கட்டும்.