அரசு நூலை அச்சடித்த பதிப்பகம், அரசுக்கே நோட்டீஸ் விடும் புகைப்படக்காரர்: கோப்பை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: மாநில அரசுத் துறை ஒன்றில் மூத்த சட்ட அலுவலராகப் பொறுப்பேற்றிருக்கிறேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறை கோட்டைகளைப் பற்றி ஒரு படநூல் வெளியிட்டது. அதைத் தனியார் பதிப்பகம் ஒன்று வரி மாறாமல் அச்சிட்டு விற்கிறது. இதற்கிடையில் அந்த நூலுக்குப் படம் கொடுத்த புகைப்படக்காரர் ஒருவர், "நூலுக்குத்தான் கொடுத்தேன், துறையின் இணையதளத்தில் போட என்னைக் கேட்கவில்லை" என்று வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். எதை முதலில் எடுப்பது?

பதில்: இரண்டையும் ஒரே கோப்பாக்குங்கள். பதிப்பகத்துக்கு "நூல் முழுவதும் அரசுக்குச் சொந்தம்" என்று நோட்டீஸ் போகிறது. அடுத்த வாரம் இணையதளப் பிரிவு புகைப்படக்காரருக்கு "உங்கள் அனுமதியின் பேரில்தான் பயன்படுத்தினோம்" என்று பதில் எழுதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதில்தான் முதல் வழக்கில் எதிர்த்தரப்பு தாக்கல் செய்யும் சான்றாவணம். அதனால் எந்தப் பிரிவும் உங்களைக் கேட்காமல் பதில் எழுதக் கூடாது என்று இன்றைக்கே துறைச் செயலரிடம் ஒரு குறிப்பில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

அதே கையோடு ஒரு தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். வந்த நோட்டீஸ் சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 80-இன்படி கொடுக்கப்பட்டதா என்று பாருங்கள். அதில் அனுப்பியவரின் பெயர், விவரம், வசிப்பிடம், வழக்கு மூலம் (அதாவது வழக்குக்கான காரணம்), கேட்கும் நிவாரணம் எல்லாம் இருக்க வேண்டும். இருந்தால், அது கிடைத்த நாளிலிருந்து இரண்டு மாதம் அரசுக்கு அவகாசம். அவசர நிவாரணம் வேண்டும் என்று நீதிமன்றத்தின் அனுமதியோடு அதற்கு முன்பே வழக்குப் போடவும் அவரால் முடியும். ஆகவே இரண்டு மாதத்தையும் முழுசாக நம்பி உட்கார வேண்டாம்.

அடுத்ததுதான் உண்மையான வேலை. நூலை ஒரே பொருளாகப் பார்க்காதீர்கள். கட்டுரைகள், புகைப்படங்கள், வரைபடங்கள், அட்டை, முன்னுரை, பழைய ஆவணப் படங்கள் என்று பிரித்து ஒரு அட்டவணை போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம்: யார் செய்தது, அப்போது அவர் அரசுக்கு யார், எந்தக் காகிதத்தின் பேரில் செய்தார், எந்தத் தேதியில் செய்தார். அட்டவணை நிரம்பாமல் யாருக்கும் நோட்டீஸ் அனுப்பாதீர்கள்.

'அரசு பணம் கொடுத்தது, ஆகவே அரசுக்குச் சொந்தம்' என்பதுதான் துறைகளில் வழங்கும் நம்பிக்கை. பதிப்புரிமைச் சட்டம், 1957 அப்படி மொத்தமாகச் சொல்லவில்லை. பிரிவு 17 ஆளுக்கும் படைப்புக்கும் தகுந்தபடி பிரித்துச் சொல்கிறது. சம்பளம் வாங்கும் துறை ஊழியர் தன் பணியின் பகுதியாக எழுதிய கட்டுரையில் சிக்கல் இல்லை; 17(சி) (ஊழியரின் படைப்பு முதலாளிக்கு), 17(டி) (அரசுப் படைப்பு அரசுக்கு) இரண்டும் உங்கள் பக்கம். ஓய்வு பெற்ற அலுவலர் மதிப்பூதியத்துக்கு எழுதிக் கொடுத்ததோ, கல்லூரிப் பேராசிரியர் எழுதியதோ வேறு கதை. அவர்கள் ஊழியர்கள் அல்லர். அங்கே நீங்கள் 2(கே)-யில் உள்ள 'அரசுப் படைப்பு' என்ற வரையறையைத்தான் பிடிக்க வேண்டும்: அரசால், அல்லது அரசின் உத்தரவின் கீழோ கட்டுப்பாட்டின் கீழோ உருவான அல்லது வெளியான படைப்பு. தலைப்பு தந்தது, வரைவைத் திருத்தியது, குழு ஒப்புதல் அளித்தது ஆகியவற்றைக் காட்டும் கடிதங்கள் கோப்பில் இருந்தால் இந்த வாதம் நிற்கும். 'வெளியானது' என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு, ஒருவர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததை அச்சிட்டதாலேயே அரசுக்கு உரிமை வந்துவிட்டது என்று வாதாட வேண்டாம். படைப்பு பிறந்தபோதே அவரிடம் இருந்த உரிமை, நாம் அச்சகத்துக்கு அனுப்பியதால் இடம் மாறிவிடாது. 17(டி)-யும்கூட 'மாறான ஒப்பந்தம் இல்லாவிடில்' என்ற நிபந்தனைக்கு உட்பட்டதுதான்.

நூலை வெளியிட்டது துறையா, அதன் கீழ் உள்ள வாரியமோ கழகமோவா என்பதையும் உள்பக்கத்தில் பாருங்கள். சட்டப்படி அமைந்த வாரியம் அல்லது அரசு நிறுவனம் என்றால் 17(டிடி)-இன்படி முதல் உரிமையாளர் அந்த அமைப்பு. வழக்கும் அதன் பெயரில்தான்.

இனி புகைப்படங்கள். 17(பி) படி, ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்குரிய பணமும் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். இந்த உட்பிரிவு புகைப்படம், ஓவியம், உருவப்படம், செதுக்கு வேலை, திரைப்படம் ஆகியவற்றுக்குத்தான். கட்டுரைக்கும் வரைபடத்துக்கும் இதை நீட்டாதீர்கள். ஆகவே இந்தப் புகைப்படக்காரர் விஷயத்தில் எல்லாம் ஒரு கேள்வியில் நிற்கிறது: படங்கள் பணி ஆணைக்குப் பிறகு எடுக்கப்பட்டனவா, அவர் கையில் ஏற்கெனவே இருந்தவையா? பணி ஆணையின் தேதியையும், அவர் கொடுத்த மூலக் கோப்புகளுக்குள் பதிவாகியிருக்கும் படம் எடுத்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பில்லில் என்ன எழுதியிருக்கிறது? 'கோட்டைகளைப் படம் பிடித்ததற்கு, பயணச் செலவு உட்பட' என்றால் 17(பி). 'பட உபயோகக் கட்டணம், ஒரு பதிப்புக்கு' என்றால், அது அனுமதி மட்டுமே. இணையதளம் அதில் அடங்காது. கணக்குப் பிரிவில் தூங்கும் அந்த வவுச்சர்தான் இந்தக் கோப்பின் உயிர்.

17(பி) பொருந்தினால், உரிமை மாற்றப் பத்திரம் எதுவும் தேவையில்லை. பொருந்தாவிட்டால் பத்திரம் வேண்டும். அதைப் பிரிவு 19 வரி வரியாகச் சோதிக்கும். எழுத்தில் இருக்க வேண்டும், மாற்றிக் கொடுப்பவர் கையெழுத்து வேண்டும். படைப்பு எது, என்னென்ன உரிமைகள், எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு தொகை என்பவை வேண்டும். காலம் சொல்லவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்று கொள்ளப்படும். உங்கள் நூலுக்கு எட்டு ஆண்டு ஆகிறது. காலம் குறிக்காத பத்திரம் என்றால் மூன்று ஆண்டாக நீங்கள் உரிமையில்லாமல் பயன்படுத்தி வருகிறீர்கள். நிலப்பரப்பு சொல்லவில்லை என்றால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், பத்திரத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலொழிய, அந்த உரிமையும் காலாவதி. நூலை உடனே அச்சிட்டு, இணைய உரிமையை மூன்று ஆண்டு கழித்துத் தொட்ட துறைகள் இங்கேதான் மாட்டும்.

பத்திரம் அரசியலமைப்புச் சட்டம் 299-இன்படி ஆளுநரின் பெயரால், அதிகாரம் பெற்ற அலுவலரால் கையெழுத்திடப்பட்டதா என்பதும் கேள்வி. வழக்கு மட்டும் 300-இன்படி மாநிலத்தின் பெயரில் நடக்கும். பத்திரத்தில் மாநிலத்தின் பெயரையும் வழக்குரையில் ஆளுநரின் பெயரையும் மாற்றிப் போடும் பிழையை எதிர்த்தரப்பு கண்டுபிடிக்கும் முன் நீங்கள் கண்டுபிடித்துவிடுங்கள்.

உரிமை முழுக்க அரசுடையது என்று தேறினாலும் புகைப்படக்காரரிடம் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 57 மிச்சம் இருக்கிறது. தன் பெயரைக் கோரும் உரிமையும், தன் மதிப்பைக் கெடுக்கும்படி படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையும் பதிப்புரிமை கைமாறினாலும் அவரை விட்டுப் போகாது. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்காகச் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் அரசு பெயர்த்தெடுத்தது. 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவருக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும், எஞ்சிய பாகங்களைத் திருப்பித் தரவும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. பதிப்புரிமை தன்னுடையது என்ற பதில் அரசைக் காப்பாற்றவில்லை. உங்கள் இணையதளத்தில் படத்துக்குக் கீழே பெயர் இருக்கிறதா, ஓரம் வெட்டப்பட்டிருக்கிறதா, மேலே துறை முத்திரை பதித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பெயரைச் சேர்ப்பதற்குச் செலவு இல்லை. பதில் நோட்டீஸ் எழுதும் முன்பே, உரிமையை ஒப்புக்கொள்ளாமல், அதைச் செய்துவிடுங்கள். நோட்டீஸ்களில் பாதி வேகம் பெயர் விடுபட்ட கோபத்தில் வருவதுதான்.

பதிப்பகம் பக்கம் வருவோம். 'அரசு வெளியிட்டது எல்லாம் பொதுச் சொத்து' என்று அவர்கள் சொல்லக்கூடும். அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் படைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது; அந்த எண்ணம் இங்கேயும் பரவிவிட்டது. இந்தியாவில் பிரிவு 28-இன்படி அரசுப் படைப்புக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு பாதுகாப்பு உண்டு. ஆனால் பிரிவு 52(1)(க்யூ) சிலவற்றைத் திறந்து விடுகிறது: அரசிதழில் வந்தவை, விளக்கவுரையோடு சேர்த்து வெளியிடப்படும் சட்டங்கள், சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட குழு அறிக்கைகள், தீர்ப்புகள். நூலின் பிற்சேர்க்கையில் அரசிதழ் அறிவிக்கைகள் இருந்தால் அவற்றைப் புகாரிலிருந்து நீக்கிவிடுங்கள். அதிகமாகக் கேட்டு அசலையும் இழப்பது இந்த வழக்குகளில் சாதாரணம்.

இதைவிடப் பெரிய குழி துறையின் சொந்த இணையதளத்தில் இருக்கலாம். பல அரசுத் தளங்களின் அடியில் 'பதிப்புரிமைக் கொள்கை' என்று ஒரு பக்கம் இருக்கும்: இங்குள்ளவற்றை அனுமதி கேட்டு, திரிக்காமல், மூலத்தைக் குறிப்பிட்டு இலவசமாக மறுபதிப்புச் செய்யலாம் என்று. சிலவற்றில் 'அனுமதி கேட்டு' என்ற நிபந்தனைகூட இருக்காது. உங்கள் நூலின் பிடிஎஃப் அந்தத் தளத்தில் இருந்தால், பதிப்பகம் முதலில் காட்டப்போவது அந்தப் பக்கத்தைத்தான். பதிப்பகம் அச்சிட்ட காலத்தில் அந்தப் பக்கத்தில் என்ன வாசகம் இருந்தது என்று தளத்தைப் பராமரிப்பவர்களிடம் எழுத்தில் வாங்குங்கள். இப்போது அவசரமாக வாசகத்தை மாற்றச் சொல்லாதீர்கள். அது மறைப்பு போலத் தெரியும்.

இதெல்லாம் தாண்டி வழக்கு நிற்கிறது என்றால் சாட்சியத்தைத் திரட்டுங்கள். கடையில் ஒரு பிரதியைப் பில்லோடு வாங்குங்கள். இணைய விற்பனைப் பக்கத்தை முகவரியும் தேதியும் தெரியும்படி படமெடுத்து, பாரதிய சாட்சிய அதினியம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) பிரிவு 63 மின்னணு ஆவணத்துக்குக் கேட்கும் சான்றிதழையும் அதன் இரண்டு பகுதிகளோடு அப்போதே தயாரித்து வையுங்கள். ஒன்றரை ஆண்டு கழித்து அந்தப் பக்கமும் இருக்காது, எடுத்தவரும் இடமாற்றலில் போயிருப்பார். இரண்டு நூல்களையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு, உங்கள் நூலில் இருக்கும் அச்சுப் பிழைகள், தவறான படக்குறிப்புகள் அங்கேயும் அப்படியே வந்திருக்கின்றனவா என்று தேடுங்கள். நகலுக்கு அதைவிடப் பேசும் சாட்சி வேறில்லை.

நோட்டீஸில் மிரட்டல் தொனி வேண்டாம். ஆதாரமில்லாமல் வழக்கு மிரட்டல் விட்டால், மிரட்டப்பட்டவரே பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 60-இன்படி உங்கள் மேல் வழக்குப் போடலாம். அதே சட்டத்தின் பிரிவு 63-இல், உரிமை மீறலுக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் இருக்கின்றன. இது பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க, ஜாமீனில் விடமுடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது. அதைக் கையில் எடுக்கச் சொல்லி மேலிருந்து அழுத்தம் வரலாம். சில படங்களின் உரிமையே கேள்விக்குறியாக இருக்கும்போது போலீஸ் புகார் கொடுப்பது முறையல்ல என்று குறிப்பில் எழுதி வையுங்கள்.

சிவில் வழக்கை மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே போட முடியாது. மதிப்பு 3 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வணிக நீதிமன்றம். அவசர இடைக்கால நிவாரணம் கேட்காவிட்டால் முதலில் சமரச முயற்சி கட்டாயம். வழக்குரையில் கையெழுத்திடுபவருக்கு அரசு அதிகாரம் அளித்த ஆணையைக் கூடவே இணையுங்கள். அரசு தொடுக்கும் வழக்குக்குக் காலவரம்பு 30 ஆண்டு என்பதால் ஆறப்போடலாம் என்று நினைக்க வேண்டாம். தெரிந்தும் பல மாதம் சும்மா இருந்தவருக்கு இடைக்காலத் தடை கிடைப்பது கடினம். மறுபுறம், புகைப்படக்காரர் வணிக நீதிமன்றத்துக்குப் போனால், சம்மன் கிடைத்த 120-ஆம் நாளுக்குப் பிறகு அரசின் எதிருரையையும் ஏற்க மாட்டார்கள். 'கோப்பு நிதித் துறையில் இருக்கிறது' என்ற காரணம் அங்கே செல்லாது.

அடுத்த நூலுக்குப் பணி ஆணை தயாராகும்போது வரைவைக் கேட்டு வாங்குங்கள். அதில் அச்சு, மின்னணு சேமிப்பு, இணையம், மொழிபெயர்ப்பு, தழுவல் என ஒவ்வோர் உரிமையையும் பெயர் சொல்லிக் குறியுங்கள். பதிப்புரிமைக் காலம் முழுதும், உலகம் முழுதும், ஓராண்டு பயன்படுத்தாவிட்டாலும் காலாவதி ஆகாது என்று எழுதுங்கள். தொகையையும், பெயர் எங்கே எப்படி வரும் என்பதையும் சொல்லுங்கள். மூலக் கோப்புகளை ஒப்படைத்த பிறகே கடைசித் தவணை என்ற நிபந்தனையும் இருக்கட்டும்.