தொட்டி மேல எழுதின தேதி

கேள்வி: அண்ணே, எங்கப்பா எங்க பஞ்சாயத்துல 18 வருஷமா டேங்க் ஆபரேட்டர். தண்ணி ஒழுங்கா வர்ற வரைக்கும் ஒருத்தரும் அவரைக் கண்டுக்கறதில்ல, ஒருநாள் மோட்டார் காயில் போச்சுன்னா வாசல்லயே வந்து நின்னு திட்டறாங்க. நான் ஓசூர்ல ஒரு கம்பெனில கஸ்டமர் கேர்ல இருக்கேன், அங்க மாசாமாசம் ‘சேவையில் சிறந்தவர்’னு போட்டோ மாட்டுவாங்க, நானே ரெண்டு வாட்டி வாங்கிட்டேன். அப்பா மூஞ்சியப் பாக்கவே கூச்சமா இருக்கு. நெஜமா சேவையில சிறப்புன்னா என்னண்ணே?
– வாசகி, பென்னாகரம்

பதில்: போட்டோவுக்கு வாழ்த்தும்மா, ராத்திரி பகலா போன்ல பேசி வாங்குனது, அதுக்கு எதுக்கு கூச்சம். ஆனா உங்கப்பா வேலைக்கு போட்டோ மாட்ட முடியாது, ஏன்னா அவர் நல்லா செஞ்சா அங்க எதுவுமே நடக்காது, படம் புடிக்க என்ன இருக்கும்?

நம்ம பக்கம் போர் தண்ணில ஃப்ளோரைடு இருக்கறது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினா ஆகாதுங்கறாங்க. நாக்குல வெச்சா தெரியாது, மோந்து பாத்தா தெரியாது, கொதிக்க வெச்சாலும் போகாது, தண்ணி சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும். எங்க பள்ளிக்கூட குரூப் போட்டோ இன்னும் வீட்ல இருக்கு, பாதிப் பேரு வாயை மூடிக்கிட்டேதான் சிரிச்சிருப்பான், அத்தனையும் பழுப்புப் பல்லு. வயசானவங்க முதுகு வெறச்சுப்போயி திரும்பிப் பாக்கணும்னா ஒடம்போட திரும்புவாங்க. இதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்துச்சு, 2008ல அடிக்கல், ஜப்பான்காரங்க கடன் குடுத்து, 2013ல தண்ணி வந்துச்சு.

சரி, காவிரித் தண்ணி ஊருக்கு வந்துடுச்சு. அங்கிருந்து கொழா வரைக்கும் யாரு பொறுப்பு? உங்கப்பா மாதிரி ஒருத்தர்தான். கோடைல வரத்து கொறஞ்சா அதே தொட்டில போர் தண்ணியையும் ஏத்தி விட்டுடலாம், ரொம்ப சுலபம், கொழாயில ஜோரா ஊத்தும், ஒருத்தரும் திட்டமாட்டாங்க. ஒரு ஊர்ல அப்படித்தான் பண்ணிட்டிருந்தாங்க, ஊரே அந்த ஆபரேட்டரை ‘தங்கமான மனுஷன்’னுச்சு. பக்கத்து ஊர்க்காரர் போர் தண்ணிய தனியா சின்டெக்ஸ்ல விட்டு, ‘இது பாத்திரம் கழுவ, துணி தொவைக்க’ன்னுட்டாரு, காவிரித் தண்ணிய காலைல முக்கா மணி நேரம் மட்டும் தொறந்து விட்டாரு. கொடத்தோட வந்து கத்துனாங்க பாருங்க, கிராமசபைல அவரை மாத்தணும்னே ஒருத்தர் எந்திரிச்சுட்டாரு! இதுல யாருக்கு அஞ்சு ஸ்டார் குடுப்பீங்க? திட்டு வாங்குன அந்த ஒரு மாசம்தான் அவர் வேலையிலேயே உசத்தி, கிராமசபைல இத சொன்னா எவன் கேக்கறான்.

நீங்க கஸ்டமர் கேர்ல இருக்கறதால சொல்றேன், கூப்புட்டவங்க சந்தோஷமா போனை வெச்சாங்களாங்கறது ஒண்ணு, அவங்க பிரச்சினை தீந்துச்சாங்கறது வேற, ரெண்டும் எப்பவும் ஒண்ணா வராது. அடுத்த வாட்டி ஊருக்குப் போனா தொட்டி மேல பெயிண்ட்ல ‘சுத்தம் செய்த நாள்’னு எழுதியிருப்பாங்கல்ல, அத பாருங்க. சில ஊர்ல அந்தத் தேதி பொங்கலுக்குப் பொங்கல்தான் மாறும். உங்கப்பா எழுதுன தேதி என்னன்னு எனக்கு எழுதுங்க.

கேள்வி: நான் மக்களைத் தேடி மருத்துவத்துல தன்னார்வலரா இருக்கேன். வீடு வீடாப் போயி பிபி, சுகர் பாத்து மாத்திரை குடுக்கறேன். லிஸ்ட்டை முடிக்கறதா, ஒவ்வொரு வீட்லயும் ஒக்காந்து பேசறதா?
– வாசகி, சூளகிரி

பதில்: உங்க மாவட்டத்துலதானேக்கா அது ஆரம்பிச்சதே, சாமனப்பள்ளில, 2021 ஆகஸ்ட் 5. லிஸ்ட்டையும் முடிக்கணும், இல்லன்னா மேல இருந்து கேப்பாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு தன்னார்வலர் ஒரு வேலை பண்ணுவாங்க, புது மாத்திரை குடுக்கறதுக்கு முன்னாடி ‘பழைய அட்டையக் காட்டு பாட்டி’ன்னுவாங்க. ஒரு வீட்ல பிஸ்கட் டப்பா நெறைய பிரிக்காத அட்டை. கேட்டா, ‘அத முழுங்குனா அடிக்கடி ஒண்ணுக்கு வருது, களை எடுக்கப் போற நாள்ல காட்டுல எங்கடி போவேன்’னாங்களாம். ரெஜிஸ்டர்ல பாத்தா பாட்டி மூணு மாசமா ஒழுங்கா மாத்திரை வாங்கிட்டிருக்காங்க! டாக்டர்கிட்ட சொல்லி வேற மாத்திரை மாத்தி வாங்கிக் குடுத்தாங்க. அதுக்கு ஆனது பத்து நிமிஷம். எல்லா வீட்லயும் ஒக்கார வேணாம், அட்டைய மட்டும் கேளுங்க.

கேள்வி: கஸ்டமர் கேக்கறதைக் குடுக்கறதுதானே சேவை? மஞ்சளா பழம் கேக்கறாங்க, மஞ்சளா குடுக்கறேன். இதுல என்ன தப்பு?
– மாம்பழ வியாபாரி, கிருஷ்ணகிரி

பதில்: மஞ்சள்ல தப்பில்ல, கார்பைடு கல்லு வெச்சுப் பழுக்க வெச்சா தப்பு, அதுக்குத் தடையே இருக்கு, உங்களுக்குத் தெரியாததா. பெங்களூர் ரோட்டுல நான் வாடிக்கையா வாங்கற ஒரு அம்மா செங்காயா எடுத்துக் குடுத்து, ‘வைக்கோல்ல போடுங்க சாமி, இன்னிக்கு அறுத்துட்டு நாளைக்கு என்னைத் திட்டாதீங்க’ம்பாங்க. அவங்க கடைலயும் மஞ்சள் கேட்டு மொறச்சுட்டுப் போறவங்க இருக்காங்க. நான் போன ஞாயித்துக்கெழமை மூணு கிலோ வாங்கிட்டு வந்தேன், புதன்கெழமைதான் அறுத்தோம்.