ரோடோடென்ட்ரான் புதர்: ரம்பத்தை எடுக்கும் முன்

கேள்வி: இங்கிலாந்தில் சர்ரே பகுதியில் பழைய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். பின்தோட்டத்தில் மூன்று ரோடோடென்ட்ரான் புதர்கள் பல வருடமாகக் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன. ஒன்று பத்தடி உயரம். கீழே வெறும் கட்டை, உச்சியில்தான் இலை. இன்னொன்றில் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெளிர் ஊதா. சுவரோரம் இருப்பது மஞ்சளடித்து நிற்கிறது. எல்லாவற்றையும் அடியோடு வெட்டிவிட்டால் புதிதாகத் தழைக்குமா?

பதில்: தழைக்கலாம், பட்டும் போகலாம். முதலில் வேரைத் தேற்றுங்கள். கவாத்து அப்புறம்.

இதன் வேர் நார் நாராக, மேல்மண்ணிலேயே படர்ந்திருக்கும். அதனால் அடியில் களைக்கொத்து போடவே கூடாது. புல்லையும் ஐவிக் கொடியையும் கையால்தான் பிடுங்க வேண்டும். பிறகு பைன் ஊசியிலை, மரப்பட்டைத் துண்டு, மக்கிய இலை, இவற்றில் எது கிடைக்கிறதோ அதை இரண்டு மூன்று அங்குலம் மூடாக்காகப் போடுங்கள். தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள், பட்டை அழுகிவிடும்.

சுவரோரச் செடியின் இலையைக் கிட்டத்தில் பாருங்கள். நரம்பு மட்டும் பச்சையாக இருந்து நடுவெல்லாம் மஞ்சளாக இருந்தால், பெரும்பாலும் சுண்ணாம்புதான் காரணம். இந்தச் செடிக்கு 4.5 முதல் 6 வரை பி.எச். உள்ள அமில மண் வேண்டும். சர்ரேயில் பல இடங்களில் மணற்பாங்கான அமில மண் என்றாலும், சுவர்க் காரையிலிருந்து சுண்ணாம்பு இறங்கும். குழாய்த் தண்ணீரும் பெரும்பாலும் சுண்ணாம்பு கலந்த கடினநீர். சுண்ணாம்பு ஏறினால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. மழைநீரைப் பீப்பாயில் பிடித்து ஊற்றுங்கள். வசந்தத்தில் கீலேட் இரும்பு, அதாவது வேர் எளிதில் எடுக்கும் வடிவிலுள்ள இரும்புச்சத்து, கொடுங்கள். அதற்கும் தேறாவிட்டால், இலையுதிர்காலத்தில் வேர்மண்ணோடு பெயர்த்துச் சுவரிலிருந்து தள்ளி நடலாம். வேர் ஆழமில்லாததால் பெரிய செடிகூடத் தாங்கும். நம் வீட்டுப் பழக்கத்தில் முட்டை ஓடு, சாம்பல் என்று எதையாவது கொண்டுபோய்க் கொட்டிவிடாதீர்கள். ரோஜாவுக்குச் சரி, இதற்கு ஆகாது.

இரண்டு நிறச் செடி விஷயத்தில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. பழைய தோட்டங்களில் நல்ல ரகங்களைப் பான்டிகம் என்ற முரட்டு இனத்தின் மேல் ஒட்டுக் கட்டினார்கள். ஊதாப் பூ அந்த வேர்ச்செடியுடையது. விட்டுவைத்தால் சில வருடத்தில் சிவப்பை அமுக்கிவிடும். பூக்கும்போதே ஊதாக் கிளைகளில் நாடா கட்டிவையுங்கள். பூ உதிர்ந்த பின் எது எதென்று தெரியாது. பிறகு மண்ணை விலக்கி, கிளை புறப்படும் இடத்திலேயே பிய்த்தெடுங்கள். மேலாக நறுக்கினால் ஒன்றுக்கு நாலாகக் கிளைக்கும்.

இனி பத்தடிக்காரர். நகத்தால் பட்டையைக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. அடுத்து பட்டையின் தன்மை. சொரசொரப்பாக இருந்தால் வெட்டிய இடத்துக்குக் கீழே துளிர்க்க வாய்ப்பு அதிகம். வழுவழுவென்று தோலுரியும் வகை பெரும்பாலும் துளிர்க்காது. அதைப் பட்ட கிளை நீக்குவதோடு விட்டுவிடுங்கள். நீலகிரிச் சோலையோரம் செக்கச்செவேலென்று பூக்கும் காட்டுப்பூவரசைப் பார்த்திருந்தால் சொரசொரப்பு என்று நான் சொல்வது புரியும். அதுவும் ஒரு ரோடோடென்ட்ரான்தான்.

வெட்டும் காலம், குளிர் முடிந்து துளிர் விடுவதற்கு முன். மூன்றில் ஒரு பங்கு கட்டைகளை மட்டும் இந்த வருடம் வெட்டுங்கள், மீதியை அடுத்த இரண்டு வருடங்களில். கட்டையில் குண்டூசித் தலை அளவு புள்ளிகள் தெரிந்தால் அவை உறங்கும் மொட்டுகள். அதற்குச் சற்று மேலே ரம்பம் வையுங்கள். புதருக்குள் பறவைக்கூடு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டிய கிளையில் பூ வர இரண்டு மூன்று வருடமாவது ஆகும்.

மற்ற கிளைகளில் பூ குறைவென்றால் கோடைத் தண்ணீரைக் கவனியுங்கள். அடுத்த வருட மொட்டு கட்டுவது கோடைக் கடைசியில்; அப்போது மண் காய்ந்தால் பருத்த பூமொட்டுக்குப் பதில் ஒல்லியான இலைமொட்டுதான் வரும். வாடிய பூங்கொத்துகளைக் கையால் ஒடித்துவிடுங்கள். கீழேயே புதுத் துளிர் இருக்கும், அது சேர்ந்து வந்துவிடாமல்.

வெட்டிப்போட்ட தழையை ஆடு, குதிரை எட்டும் இடத்தில் போடாதீர்கள். இலை நஞ்சு.