பெற்றோருடன் 12 இரவு பிரிட்டன்: பெட்டி, அறை, சாப்பாடு மூன்றையும் எப்படித் திட்டமிடுவது?

கேள்வியின் சுருக்கம்: செப்டம்பரில் சென்னையிலிருந்து நால்வர், அதில் இருவர் அறுபது தாண்டிய பெற்றோர். 12 இரவுகள், ரயிலில் சுற்ற வேண்டும், எல்லோரும் சைவம்.

ஊர்ப் பட்டியலைக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். முதலில் முடிவாக வேண்டியது பெட்டி. பிரிட்டனில் ரயிலில் சுற்றுவது என்றால் பாதி வேலை படிக்கட்டு ஏறுவதுதான். சுமை தூக்க ஆள் கிடைக்காது. லண்டன் பாதாள ரயிலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிலையங்களில் மட்டுமே படியில்லாமல் தெருவிலிருந்து நடைமேடைக்குப் போக முடியும். பழைய வீட்டை விடுதியாக மாற்றிய இடங்கள் பலவற்றில் லிஃப்டே கிடையாது. விமான நிறுவனம் தலைக்கு 30 கிலோ தந்தாலும் அதை நிரப்பாதீர்கள். ஆளுக்கு 22 அங்குலப் பெட்டி ஒன்று, 10 முதல் 12 கிலோ. தோளில் ஒரு சின்னப் பை. அடுக்கி முடித்த பெட்டியை ஒரே கையில் தூக்கி இரண்டு மாடி ஏறிப் பாருங்கள். அப்பாவுக்கு மூச்சு வாங்கினால் இன்னும் 3 கிலோ வெளியே எடுக்க வேண்டும்.

28 அங்குலப் பெட்டி ரயிலில் இருக்கைக்கு மேலே ஏறாது. பெட்டிகள் வைக்கும் தட்டுகள் சீக்கிரம் நிரம்பிவிடும், வழியில் வைத்தால் நகர்த்தச் சொல்வார்கள். துணி ஐந்து நாளுக்குப் போதும். ஆறாம் நாள், வழியில் இரண்டாவது ஊரான யார்க்கில், காசு போட்டுத் துவைக்கும் கடையில் துவைத்து உலர்த்திக்கொள்ளலாம். குடையை விடத் தொப்பி வைத்த மழைக்கோட்டு உதவும். ஸ்காட்லாந்துக் காற்றில் குடை மடங்கிப்போகும். செப்டம்பரில் ஒரு ஸ்வெட்டரும் பிடிப்புள்ள காலணியும் போதும், தெர்மல் தேவையில்லை. மாத்திரைகளை மருத்துவர் சீட்டுடன் கைப்பையில் வையுங்கள். மின்செருகி மூன்று செவ்வகக் கால் கொண்டது, 230 வோல்ட், ஆகவே நம் சார்ஜர்களுக்கு அடாப்டர் மட்டும் போதும். குளியலறையில் சவர இயந்திரத்துக்கான துளையைத் தவிர வேறு பிளக் இருக்காது.

அடுத்தது வழி. போக லண்டன், திரும்ப மான்செஸ்டர் என்று டிக்கெட் எடுங்கள். துபாய், தோஹா வழியாகப் போகும் நிறுவனங்கள் இரண்டு ஊருக்கும் பறக்கின்றன. லண்டன் 4 இரவு, வட இங்கிலாந்தின் யார்க் 2, ஸ்காட்லாந்துத் தலைநகர் எடின்பரோ 3, வடமேற்கு இங்கிலாந்தின் ஏரிப் பகுதியில் உள்ள சிற்றூர் விண்டர்மியர் 3. படுக்கை மூன்றே முறை மாறும், வந்த வழியே திரும்ப வேண்டியதும் இல்லை. ஸ்காட்லாந்தின் வடமேற்கில் உள்ள ஸ்கை தீவைச் சேர்க்க ஆசை வரும். எடின்பரோவிலிருந்து சாலையில் ஒரு வழிக்கே ஐந்தாறு மணி நேரம். 12 இரவில், பெற்றோரோடு, அதை விட்டுவிடுவதே நல்லது.

லண்டனில் கிங்ஸ் கிராஸ் அருகே அறை எடுங்கள். ஹீத்ரோவிலிருந்து பிக்கடில்லி லைன் நேராக அங்கே வருகிறது, ஏறக்குறைய ஒரு மணி நேரம். இரண்டு முனையிலும் லிஃப்ட் உண்டு. ஐந்தாம் நாள் யார்க் போகும் ரயிலும் அங்கிருந்தே புறப்படும், ஆகவே பெட்டியோடு ஊருக்குள் அலைய வேண்டாம். யார்க் சுமார் இரண்டு மணி நேரம். அங்கிருந்து எடின்பரோ இரண்டரை. இந்த இரண்டாவது பகுதியில் வலப்பக்க ஜன்னல் கேளுங்கள். நியூகாசில் தாண்டியதும் கடல் வரும். பெரிக்கில் 28 வளைவுகள் கொண்ட பாலத்தின் மேல் ரயில் போகும்.

அறை பதிவில் பலர் தவறுவது ஒரு சொல்லில். 'டபுள்' என்றால் இருவருக்கு ஒரே கட்டில், 'ட்வின்' என்றால் இரண்டு கட்டில். 'என் சூட்' (en suite, அறையோடு இணைந்த குளியலறை) என்று இல்லாவிட்டால் குளியலறை பொதுவாக இருக்கலாம். பெற்றோருக்கு இன்னொன்றும் கேட்க வேண்டும்: குளியல் தொட்டிக்குள் நின்று குளிக்கும் ஷவரா, தரையோடு உள்ள ஷவரா? தொட்டியின் விளிம்பு முழங்கால் உயரம் இருக்கும்; ஈரக்காலோடு தாண்டும்போதுதான் வழுக்கும். தரையோடு உள்ளதைக் கேட்டு, அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கழிவறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது, ஒரு பிளாஸ்டிக் மக் எடுத்துப்போங்கள்.

எடின்பரோவில் பழைய நகரத்து அடுக்குமாடி வீடுகள் படத்தில் அழகாக இருக்கும். வளைந்து ஏறும் கல் படி, நான்காம் மாடி, லிஃப்ட் இல்லை. அதை விட்டு, நகரின் இன்னொரு ரயில் நிலையமான ஹேமார்க்கெட் பக்கம் ஹோட்டல் எடுங்கள். ஆகஸ்ட் திருவிழா மாதம், வாடகை எகிறும். செப்டம்பரில் நடுவுக்குப் பிறகு வைத்தால் நல்லது. 2026 ஜூலை 24 முதல் தங்கும் நபர்களுக்கு அறைக் கட்டணத்தின் மேல் 5% வரி, முதல் ஐந்து இரவுகளுக்கு உண்டு, கணக்கில் சேருங்கள். விண்டர்மியரில் மட்டும் சமையலறையுள்ள வீடு தேடுங்கள். பல வீடுகளை வாரக் கணக்கில்தான் விடுவார்கள், வார இறுதியில் குறைந்தது இரண்டு இரவு கேட்பார்கள். ஆகவே திங்கள் முதல் வியாழன் வரை அங்கே இருக்கும்படி மொத்தத் தேதியையும் நகர்த்துங்கள். நிலையத்தின் பெயர் விண்டர்மியர் என்றாலும் ஏரி அங்கில்லை; ஒன்றரை மைல் கீழே பௌனஸில் இருக்கிறது. வீட்டை நிலையத்தின் பக்கம் எடுங்கள்.

ரயில் டிக்கெட்டில் 'அட்வான்ஸ்' வகைதான் மலிவு. பொதுவாகச் சுமார் 12 வாரம் முன்பு விற்பனைக்கு வரும். அது அந்த ஒரு ரயிலுக்கு மட்டும். உங்கள் தாமதத்தால் தவறினால் பணம் போனதுதான். முந்தைய ரயில் தாமதமாகி இணைப்பு தவறினால் அடுத்ததில் ஏற்றுவார்கள். இரண்டு பேர் சேர்ந்து பயணிக்கும் 'டூ டுகெதர்' அட்டை 35 பவுண்ட், மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. ஒரு ஜோடியின் டிக்கெட் மொத்தம் 105 பவுண்டைத் தாண்டினாலே அட்டை லாபம். வேலைநாளில் காலை 9.30-க்கு முன் செல்லாது, ஆகவே 10 மணிக்கு மேல் கிளம்பும் ரயில்களைப் பாருங்கள். ஞாயிறன்று ஊர் மாறாதீர்கள். தண்டவாள வேலை நடந்தால் பாதி வழி பேருந்தில் ஏற்றிவிடுவார்கள்.

இனி சாப்பாடு. சைவர்கள் அறியாமல் மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில. யார்க்ஷயர் வட்டாரத்தில் மீன் கடைகளில் உருளைக்கிழங்குச் சிப்ஸையும் மாட்டுக்கொழுப்பில் பொரிப்பது இன்றும் வழக்கம். "என்ன எண்ணெயில் பொரிக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டே வாங்குங்கள். காய்கறி சூப்பில் இறைச்சிச் சாறு இருக்கலாம், வூஸ்டர் சாஸில் நெத்திலி உண்டு, மென்மிட்டாய்களில் ஜெலட்டின். பொட்டலத்தில் 'சைவர்களுக்கு ஏற்றது' என்ற வரியைத் தேடுங்கள். நம்பிச் சாப்பிடக்கூடியவையும் நிறைய: பீன்ஸ், சீஸ் வைத்துச் சுட்ட உருளைக்கிழங்கு, ஓட்ஸ் கஞ்சி, எடின்பரோவில் பயறும் ஓட்ஸும் சேர்த்த சைவ ஹாகிஸ் (ஸ்காட்லாந்தின் இறைச்சி உணவான ஹாகிஸின் சைவ வடிவம்). பப்களில் சமையல் பெரும்பாலும் இரவு 9 மணிக்குள் நின்றுவிடும், சிறு ஊரில் எட்டரைக்கே. இங்கிலாந்தில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் ஞாயிறன்று ஆறு மணி நேரம்தான் திறக்கும். ஸ்காட்லாந்தில் அந்தச் சட்டம் இல்லை.

கிங்ஸ் கிராஸிலிருந்து கால் மணி நேர நடையில், யூஸ்டன் பக்கம் டிரம்மண்ட் தெருவில் இந்தியச் சைவ உணவகங்களும் மளிகையும் உண்டு. தமிழ்க் கடை வேண்டுமானால் கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம். அரிசி, பருப்பு, கடுகை அங்கே சிறு பொட்டலமாக வாங்கி விண்டர்மியருக்குக் கொண்டுபோங்கள். காய், பால், தயிர் விண்டர்மியர் நிலையத்தை ஒட்டிய சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். ஊரிலிருந்து பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், மெல்லிய அவல் போதும். நெய், பால்கோவா போன்ற பால் பொருள்களுக்கு இந்தியாவிலிருந்து அனுமதியில்லை. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், அதையும் விட்டுவிடுங்கள். ஹோட்டல் அறையில் கெட்டில் அநேகமாக எங்கும் இருக்கும். ஒரு கப் அவலுக்கு அரைக் கப் வெந்நீர், மூடி ஐந்து நிமிடம், மேலே பொடி. அறையில் குக்கர் வைக்காதீர்கள். புகை உணரி அலறினால் கட்டடத்தையே காலி செய்ய வைப்பார்கள். விண்டர்மியர் வீட்டிலும் தாளிக்கும்போது புகைபோக்கி விசிறியைப் போட்டு, சமையலறைக் கதவைச் சாத்துங்கள்.

எடின்பரோவிலிருந்து விண்டர்மியர் போக ஆக்ஸன்ஹோமில் மாற வேண்டும். அங்கே ரயில் ஓரிரு நிமிடமே நிற்கும், ஆகவே முந்தைய நிலையம் தாண்டியதுமே பெட்டிகளைக் கதவருகே கொண்டுவாருங்கள். கடைசி நாள் விண்டர்மியரிலிருந்து மான்செஸ்டர் விமான நிலையத்துக்கு நேர் ரயில்கள் சில உண்டு, ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அந்தக் கிளைப் பாதை ஒற்றைத் தண்டவாளம். ஒரு ரயில் ரத்தானால் அடுத்தது வெகுநேரம் கழித்துத்தான். தேவையானதற்கு ஒன்று முந்தைய ரயிலுக்குத் திட்டமிட்டு, ஆக்ஸன்ஹோம் வரை வரும் டாக்சி எண்ணை முதல் நாள் இரவே வீட்டுக்காரரிடம் வாங்கி வையுங்கள்.