செட்டிநாட்டில் மலை உண்டா? பிரான்மலையின் உயரம், பெயர், தட்பவெப்பம் என்ன, உச்சிக்கு எப்போது ஏறலாம்?

உண்டு. செட்டிநாட்டின் பழைய எல்லையைச் சொல்லும்போது வடக்கே வெள்ளாறு, தெற்கே வைகை, கிழக்கே வங்கக்கடல், மேற்கே பிரான்மலை என்பார்கள். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி வழியாகப் போனால் சமவெளியில் தனியாக எழுந்து நிற்கும் அந்த மலைதான்.

கடல்மட்டத்திலிருந்து உயரம் சுமார் 2,500 அடி, மீட்டரில் 760 அளவு. அடிவாரமே சில நூறு அடி உயரத்தில் இருப்பதால், கால் ஏறவேண்டியது ஏறக்குறைய 2,000 அடி. சாதாரண உடம்புக்கு மணிக்கு 300 மீட்டர் ஏற்றம் என்று கணக்கு வைத்தால் நிற்காமல் ஏற இரண்டு மணி நேரம். இளைப்பாறுவதையும் சேர்த்து மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

சங்கப் பாடல்களில் வரும் பாரியின் பறம்பு மலை இதுதான் என்பது நெடுநாள் வழக்கு. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடியபோது திருக்கொடுங்குன்றம். இன்று சிவபெருமான் பெயரால் பிரான்மலை. உழாமலே மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் நான்கும் தரும் மலை என்று கபிலர் பாடியிருக்கிறார். இந்த வறண்ட பாறையில் பலா எப்படி விளையும் என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். அது ஒன்றை மட்டும் வைத்து மறுப்பது சரியல்ல. பாறைச் சரிவு காய்ந்து கிடந்தாலும், இரண்டு சரிவுக்கு நடுவே மண் சேரும் ஓடைப் பள்ளத்தில் நிழலும் ஈரமும் நிற்கும். மேற்கே திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலையில் இன்றும் பலா காய்க்கிறது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். அடிவாரக் கோயிலே பாதாளம், பூமி, கைலாயம் என்று மூன்று அடுக்காக அமைந்தது. பாறையைக் குடைந்த மங்கைபாகர் சன்னதி இருக்கும் மேல் அடுக்கைப் பார்த்துவிட்டு மலை ஏறிவிட்டதாக நினைப்பவர்கள் பலர். உச்சி அதற்கும் வெகு மேலே. அங்கே ஒரு தர்கா இருக்கிறது. அதுவரை எல்லா இடத்திலும் படிக்கட்டு கிடையாது, பாறையிலும் புதரிலும் நடக்க வேண்டும்.

தட்பவெப்பத்தில்தான் ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள். மலை என்றதும் கொடைக்கானல் குளிர் நினைவுக்கு வருகிறது. 100 மீட்டர் ஏறினால் சுமார் 0.65 டிகிரி குறையும். அடிவாரத்துக்கும் உச்சிக்கும் 600 மீட்டர் என்றால் வித்தியாசம் நான்கு டிகிரிதான். கீழே 38 அடித்தால் மேலே 34. இது காற்றின் வெப்பம். வெயிலில் கிடக்கும் வெறும் பாறை சித்திரை, வைகாசியில் 50 டிகிரியை எளிதில் தாண்டும். காலுக்கடியிலிருந்தும் அனல் வருவதால் காலை பத்து மணிக்கே தலைசுற்றல் தொடங்கும். அந்த மாதங்களில் ஏறவே கூடாது என்பது என் கருத்து.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே மழையைக் கொட்டிவிட்டு வறண்டு வருகிறது. ஆகவே ஆடியில் இங்கே மழையைவிடக் காற்றுதான் பலம். மறைப்பில்லாத பாறை முதுகில் ஆளையே தள்ளும். ஆவணி, புரட்டாசியில் பகல் வெயில் ஏற ஏற மேகம் திரண்டு, பிற்பகலில் இடிமழை பிடிக்கும். சுற்றிலும் இதுவே உயரம் என்பதால் உச்சியில் நிற்பவருக்கு மின்னல் ஆபத்து நிஜமானது. நண்பகலுக்குள் உச்சியை விட்டு இறங்கிவிடுங்கள். இடிச்சத்தம் கேட்டால் ஒற்றை மரத்தடியில் ஒதுங்காதீர்கள். பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான்; அப்போது மேகம் உச்சியை மூடி, பத்தடிக்கு அப்பால் தடம் தெரியாமல் போகலாம்.

மழைக்குப் பிறகு பாறையின் நிறத்தைப் பாருங்கள். மேலிருந்து கீழாக ஓடும் கறுப்புப் பட்டைகள் நீர் வழியும் தாரைகள். அவற்றில் படிந்திருக்கும் பாசி காய்ந்திருக்கும்போது கெட்டியாகத்தான் இருக்கும், நனைந்தால் எண்ணெயாக வழுக்கும். வெளுத்த, சொரசொரப்பான பாறையில் மட்டும் கால் வையுங்கள். மழை விட்டு இரண்டு நாள் நல்ல வெயில் அடித்த பிறகு ஏறுவது நல்லது.

ஆகவே ஏற்ற காலம் மார்கழிக் கடைசியிலிருந்து மாசி நடுவரை. விடியும்போதே கிளம்புங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். பாறையில் விழும் மழை நிற்காமல் வழிந்து கீழே கண்மாய்களுக்குப் போய்விடும், வழியில் ஆண்டு முழுதும் ஓடும் ஓடையை எதிர்பார்க்க முடியாது. சுனைநீரைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம். மாசிக்கு மேல் புல் சருகாகக் காய்ந்திருக்கும், பீடி நெருப்பு போதும் சரிவு முழுதும் பற்ற, தீப்பெட்டியே கொண்டுபோகாதீர்கள். தேனடை கண்ணில் பட்டால் சத்தம், புகை, அத்தர் வாசம் எதுவும் இல்லாமல் விலகிப் போங்கள். உணவைப் பையின் உள்ளே கட்டி வையுங்கள், குரங்கு கையிலிருப்பதைப் பிடுங்கும். ஏற அனுமதி உண்டா, எந்தத் தடம் திறந்திருக்கிறது என்பதை முதல் நாளே வனத்துறையிடமும் கோயிலிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.