அரிவாள்மனையைப் பார்த்தாலே பயம்

கேள்வி: ஐந்து மாதக் கைக்குழந்தை இருக்கிறது. அரிவாள்மனையைப் பார்த்தாலே குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்று எண்ணம் வந்து உடம்பெல்லாம் நடுங்குகிறது. கத்தியெல்லாம் பரணில் போட்டாச்சு. எனக்குப் பைத்தியமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இல்லம்மா. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ஓசிடி போலத் தெரிகிறது, அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அந்தப் பயத்தைத் தணிக்க ஏதாவது செய்துகொண்டே இருக்க வைக்கும் மனநலப் பிரச்சினை; பிரசவத்துக்குப் பிறகு இது தலைதூக்குவது உண்டு. அந்த எண்ணம் உங்கள் ஆசை அல்ல; ஆசையாக இருந்தால் இப்படிப் பதற மாட்டீர்கள். கத்தியை ஒளிப்பதும், "நான் ஒன்றும் செய்ய மாட்டேன்ல?" என்று வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்பதும் அந்த நேரத்துக்கு ஆறுதல், ஆனால் பயத்துக்குத் தீனி அதுதான். இதற்கென்றே சிகிச்சை இருக்கிறது: பயப்படுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொண்டு, ஒளிக்காமல், கேட்காமல் இருக்கப் பழக்குவார்கள், கடைசியில் குழந்தை பக்கத்தில் இருக்கும்போதே காய் நறுக்குவீர்கள். மாத்திரை தந்தால் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம், பாதியில் நிறுத்தாதீர்கள். பால் கொடுப்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. போகத் தயக்கமா, சரி, முதலில் அரசின் மனநல உதவித் தொலைபேசி சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐ அழையுங்கள், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். ஆனால் காதில் குரல் கேட்டாலோ, 'செய்வதுதான் சரி' என்று தோன்றினாலோ அது வேறு விஷயம், குழந்தையை வீட்டாரிடம் கொடுத்துவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.